"மனைவிக்கும் சம்மதம்" என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி

முதலில் உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிறீர்கள், கலியாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இன்னும் இல்லை. நேபாளத்துக்கோ கம்போடியாவுக்கோ மிஷனரி ஊழியத்துக்குப் போக நினைக்கிறீர்கள். எந்த வேதாகமக் கல்லூரியில் படிப்பது, மாதம் எவ்வளவு பணம் வேண்டும், எந்த விசாவில் போவது, இங்கிருந்து என்ன கொண்டு போவது என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், "நான் எங்கே போனாலும் வர மனைவிக்கும் சம்மதம்" என்று ஒரு வரி. நான்கு கேள்விக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒருவருக்கு வந்த அழைப்பை நம்பி இரண்டு பேர் போகலாமா என்பதுதான் அது.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. 2003 தொடக்கம் ஒன்பது வருடம் கணவரோடு கம்போடியாவில், பட்டம்பாங் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தேன். திரும்பி வந்தபின் வெளியே போக ஆயத்தமாகிற சில தம்பதிகளோடு இருந்து கதைத்திருக்கிறேன். சிலர் போய் நிலைத்தார்கள், சிலர் ஒரு வருடத்தில் திரும்பினார்கள். இரண்டு பேர் போகாமலே விட்டார்கள், அதுவும் நல்ல முடிவுதான். நேபாளத்தில் நான் வாழ்ந்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வது அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டதும், சட்டத்தை வாசித்ததும் மட்டும்.

மனைவிமார் விஷயத்தில் எங்கள் ஊரே ஒரு பெரிய பாடப்புத்தகம். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்த கதையை நாங்கள் ஆண்களின் பெயரால்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது தொடங்குகிற இடம் ஹரியற் நியூவெல் என்ற பெண்ணின் கல்லறை. 1812 பெப்ரவரியில் அவருக்குக் கலியாணம், அதே மாதம் கப்பல். கல்கத்தாவில் தங்க கிழக்கிந்தியக் கம்பனி விடவில்லை. மொரிசியஸுக்குப் போகிற வழியில் பிறந்த குழந்தை இறந்தது, நவம்பரில் அவரும் இறந்தார். வயது 19. மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் தனியாக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தைப் பார்த்து, இங்கே ஆள் அனுப்பலாம் என்று அமெரிக்காவுக்கு எழுதினார். அதன்படிதான் 1816 இல் டானியேல் பூவரும் மற்றவர்களும் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தார்கள். பூவரின் மனைவி சூசன் ஐந்து வருடத்தில், 1821 இல், தெல்லிப்பழையில் இறந்தார். அந்தக் காலத்தில் அவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கத்தின் ஏடுகளில் மனைவிமார் "உதவி மிஷனரி" என்றே பதியப்பட்டார்கள். அந்தச் சொல்லைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அதே கூட்டத்தில் இன்னொரு ஹரியற்றையும் பாருங்கள். மைரன் உவின்சிலோவின் மனைவி ஹரியற் உவின்சிலோ. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1833 இல், 36 வயதில், இங்கேயே இறந்தார். கணவரின் பெயர் 1862 இல் வெளிவந்த தமிழ் அகராதியில் நிற்கிறது. மனைவியின் வேலை உடுவில் மகளிர் கல்லூரியாக இரண்டு நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. எங்கள் அம்மம்மாமாரில் எத்தனை பேர் அங்கே எழுத்துப் படித்தார்கள்! அவருக்குத் தனியாக ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்கு வேண்டிய தமிழும் இருந்தது. கணவரின் பின்னால் வந்து சமையலறையில் குந்தியிருந்திருந்தால் உடுவில் இல்லை.

வேதத்திலும் இதே கதைதான். அப்போஸ்தலர் 18 இல் ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் எடுத்து வாசியுங்கள். ரோமாபுரியை விட்டுத் துரத்தப்பட்டு, கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்த தம்பதி. பவுல் அவர்கள் வீட்டில் தங்கி அதே தொழிலைச் செய்தார். பிறகு எபேசுவில் அப்பொல்லோ என்ற படித்த பிரசங்கியாரை இரண்டு பேருமாகச் சேர்த்துக்கொண்டு விளங்கப்படுத்துகிறார்கள். அவர் பேசினார், இவள் தேத்தண்ணீர் ஊற்றினாள் என்று அங்கே எழுதியில்லை.

இனி என் சொந்தக் கதை. எங்களை அனுப்பிய ஸ்தாபனம் கணவருக்கு வாரம் ஐந்து நாள் கெமர் மொழி வகுப்பு ஒழுங்கு செய்தது. எனக்கு, "சந்தைக்குப் போய்வர வந்துவிடும், அக்கா" என்றார்கள். காசு மிச்சம் பிடிக்க நினைத்திருப்பார்கள், கெட்ட எண்ணம் இல்லை. முதல் வருடம் முழுவதும் நான் ஊமை. எனக்கு வந்த பெண் நோயை டொக்டரிடம் கணவர் மொழிபெயர்க்க, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவருக்கு நண்பர்கள் கூடக்கூட எனக்கு வீடு சிறுத்தது. யாழ்ப்பாணத்தில் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கி வைத்திருந்தவள், ஒரு கட்டுக் கீரை வாங்க விரலைக் காட்டினேன். ஒருநாள் இரவு, "நீங்கள் ஊழியம் செய்யுங்கள், நான் அடுத்த மாதம் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கு ஜெபம் பண்ணலாம் என்று சொல்லாமல், அடுத்த நாள் தன் வகுப்பில் இரண்டு நாளை எனக்கு விட்டுத்தந்தார். இன்றைக்கும் நான் அவருக்கு நன்றி சொல்கிற காரியம் அதுதான்.

அதற்குப் பிறகுதான் கண் திறந்தது. கெமர் எழுத்து பல்லவ எழுத்தில் இருந்து பிறந்தது, அதனால் வளைவுகளில் ஒரு தூரத்து உறவு தெரியும். முகத்துக்கு "முக்", ஆசிரியருக்கு "க்ரூ" என்பார்கள். குரு என்று அறிந்தபோது சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆறு என்று சொல்ல அவர்களிடம் தனிச்சொல் இல்லை, "ஐந்து-ஒன்று" என்பார்கள், ஏழு "ஐந்து-இரண்டு". கணக்கு ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்? பின்னேரங்களில் முற்றத்தில் அயல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். எண்ணுக்கு மொழி குறைவாகப் போதும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்தான் எனக்கு மொழி தந்தார்கள். ஒருத்தி பொல்பொட் ஆட்சியில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு நடந்த நடையைச் சொன்னாள். நான் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, செம்மணிப் பக்கம் மழையில் நகராமல் நின்ற சனத்தைப் பற்றிச் சொன்னேன். என் அரைகுறைக் கெமர் அன்றைக்குப் போதுமாக இருந்தது.

ஆகவே நிச்சயமாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் இது. இரண்டு பேருக்கும் முழு மொழிப் பயிற்சி இல்லாமல் போகாதீர்கள். அனுப்புகிறவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். முதல் இரண்டு வருடம் மொழிதான் ஊழியம், கூட்டம் நடத்தியதாக அறிக்கை கேட்காதீர்கள் என்று சபைக்கும் சொல்லிவையுங்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான டொக்டர் கிறீன் ஆங்கிலத்தில் வைத்தியம் படிப்பித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் தமிழுக்கு மாறி, தமிழில் வைத்திய நூல் செய்து, தமிழில் டொக்டர்மாரை உருவாக்கினார். அதனால்தான் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறோம்.

இதற்கு இங்கேயே ஒரு பரீட்சை இருக்கிறது. சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. நேபாளத்துக்குப் போகமுதல் இருவரும் ஆறு மாதம் தெற்கில் ஒரு சிங்களக் கிராமத்தில் வாடகை வீடு எடுத்து இருங்கள். அங்கே ஊழியம் ஒன்றும் செய்யவேண்டாம். மொழி படியுங்கள், கடைக்குப் போங்கள், அயலவர் வீட்டுச் செத்த வீட்டுக்குப் போய் எங்கே இருப்பது, எப்போது எழும்புவது என்று பாருங்கள். ஆறு மணித்தியாலப் பயணத்தில் உள்ள அயலானின் மொழியைப் படிக்கப் பொறுமை இல்லாதவருக்கு, கடல் கடந்தால் மட்டும் பொறுமை வராது. கம்போடியாவிலும் தேரவாத பௌத்தம்தான். பிக்குமார் முன்னால் எப்படி நடப்பது என்று இங்கே பழகியது அங்கே எனக்கு உதவும் என்று போகும்போது நான் நினைத்திருக்கவில்லை.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். குருத்துவ அபிஷேகம் பெறப் போகிறீர்கள் என்றால் உங்கள் திருச்சபை சொல்கிற வழியில்தான் போகவேண்டும். பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் முழு வருடங்கள் படிக்கவேண்டி வரும். அபிஷேகம் இல்லாத ஊழியத்துக்கு ஒரு வருட வேதாகமப் படிப்புப் போதும் என்பது என் அபிப்பிராயம். இதில் என்னோடு ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு படித்தாலும் இருவரும் படியுங்கள். கணவர் பட்டம் எடுக்க, மனைவி விடுதிச் சமையலுக்கு உதவி என்ற ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே இறங்கிய பிறகு வீட்டுக்குள் வந்து அழப்போவது பெண்கள், அவர்களுக்குப் பதில் சொல்லப்போவது உங்கள் மனைவி.

விசாவைப் பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், பொய் சொல்லிப் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்வது "விசுவாசம்" என்று இங்கே மேடையில் சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. பிடிபட்டால் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள், வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட உள்ளூர்க் குடும்பம் பொலிஸில் நிற்கும். நேபாளத்தில் 2015 அரசியலமைப்பே மதமாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2018 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறையும் 50,000 ரூபா வரை தண்டமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்தபின் நாடுகடத்தல். ஆனால் அதே நேபாளத்தில் 1954 தொடக்கம் கிறிஸ்தவ அமைப்புகள் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து வைத்தியசாலை, பள்ளிக்கூடம், மின்சாரம் என்று வேலை செய்து வந்திருக்கின்றன. தொழில் தெரிந்தவருக்கு அங்கே நேரான வாசல் இருந்தது. நீங்கள் என்ன தொழில், மனைவி என்ன தொழில் என்று எழுதவேயில்லை. தாதி, ஆசிரியை, விவசாயம், கணக்கு எதுவானாலும் உங்கள் விண்ணப்பத்தில் கனமான தாள் அதுதான். விசா விதி அடிக்கடி மாறும், என் காலத்து விதியை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள். போகிற வருடம் அந்தந்தத் தூதரகத்தில் கேளுங்கள்.

தாள்களில் காலம் இழுப்பது விவாகப் பதிவுச் சான்றிதழும் பொலிஸ் சான்றும். சபையில் கொடுத்த வாழ்த்துப் பத்திரத்தைச் சட்டகம் போட்டு வைத்துக்கொண்டு அதுதான் பதிவு என்று நினைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பு, அத்தாட்சி எல்லாம் வேண்டிவரும். அத்தாட்சிக்கு இப்போது கொழும்புக்கே ஓடத் தேவையில்லை, யாழ். மாவட்டச் செயலகத்தில் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் கிளை இருக்கிறது.

உடம்பு விஷயத்தில் ஒன்று மட்டும். இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எங்கள் தலைமுறை அந்தக் காய்ச்சலை மறந்தே போய்விட்டது. கம்போடியாவில் காட்டுப் பக்கம் அது இன்னும் உண்டு. மலேரியாத் தடை இயக்கம் வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை இலவசமாகவே தருகிறது. திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டில் இருந்து வந்தோம் என்று டொக்டர் கேட்காமலே சொல்லுங்கள்.

பணம். மாதம் எவ்வளவு என்று ஒரு எண் கேட்டிருக்கிறீர்கள், நாடு தெரியாமல், ஊர் தெரியாமல் சொல்லமாட்டேன். எந்த நாணயத்தில் வாக்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், அதுதான் எண்ணைவிடப் பெரிது. நான் அறிந்த ஒரு தம்பதிக்கு இங்குள்ள மூன்று சபைகள் சேர்ந்து மாதம் 1,00,000 ரூபா தருவதாகச் சொன்னார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா, அந்தக் காசு 500 டொலர். மே மாதம் டொலர் 360 ஐத் தொட்டது. சபைகள் ஒரு சதம் குறைக்கவில்லை, ஆனாலும் கையில் வந்தது 280 டொலரை எட்டவில்லை. இங்கே காணிக்கை போட்டவர்களே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலம் அது, யாரைக் குறை சொல்வது? ஆறு மாதச் செலவை டொலரில் கையிருப்பாக வைத்துக்கொள்ளாமல் ஏறாதீர்கள். திரும்பிவர இரண்டு ரிக்கெற் காசும் தனியாக இருக்கவேண்டும். அது அவிசுவாசம் என்று யாரும் சொன்னால், அவரையே அந்தக் காசைத் தரச் சொல்லுங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகள் தாங்குவார்கள்தான். ஆனால் முழுவதையும் கனடாவில் உள்ள ஒரு மாமாவின் தோளில் வைக்காதீர்கள். உள்ளூர்ச் சபையில் நூறு பேர் ஐந்நூறு ஐந்நூறாகத் தருவது கணக்கில் சின்னதாகத் தெரியும், ஆனால் அந்த நூறு பேரும் உங்கள் கடிதத்தை வாசிப்பார்கள். இது எங்களுக்குப் புதிய பழக்கமும் இல்லை. 1900களின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் காசு சேர்த்து தமிழ்நாட்டில் தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்பினார்கள். இங்கே வந்து அதைக் கண்டுபோனவர்தான் அசரியா. 1903 இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர், பிறகு மனைவி அன்புவோடு தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு மக்களிடையே வாழ்ந்தவர். 1910 இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், எங்களுக்குப் பொருளும் உயிரும் தந்தீர்கள், நண்பர்களையும் தாருங்கள் என்று வெள்ளைக்காரரைப் பார்த்துக் கேட்டவரும் அவர்தான். நீங்கள் போகிற ஊரில் உங்களைப் பார்த்தும் அதையே கேட்பார்கள்.

ஊர்க்கதைக்கும் ஆயத்தமாகுங்கள். எங்கள் ஊரில் தம்பதியாகப் பாஸ்போட் எடுத்தால், "ஊழியம் என்று சொல்லிக்கொண்டு அங்கால கனடாவுக்குப் பாயப்போகினம்" என்று கதை வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதில் என் ஆலோசனை கொஞ்சம் கடுமையானது. அந்தக் கதையில் ஒரு துளி உண்மை உண்டா என்று இருவரும் தனித்தனியே உங்களையே கேளுங்கள். இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கே யாருக்குத்தான் அந்த ஆசை வரவில்லை? ஆனால் அதற்கு வேறு வழியில் விண்ணப்பியுங்கள். பெற்றோரிடமும் முன்கூட்டியே கதையுங்கள், முக்கியமாகப் பெண்ணைப் பெற்றவர்களிடம். சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு, மகள் பக்கத்தில் இருப்பாள் என்று முதுமையைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடியபோது என் அம்மா இங்கே, நான் அங்கே. அடுத்த வருடம் அவர் இறந்தார், அடக்கத்துக்கு என்னால் வந்துசேர முடியவில்லை. அழைப்பு இருந்ததால் அது வலிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்குத் தெளிவில்லாததையும் சொல்லவேண்டும். அழைப்பை எப்படி அறிவது என்பதில் நான் கண்ட தம்பதிகள் ஒருவரைப்போல ஒருவர் இல்லை. கனவு கண்டு போனவர்கள் ஒரு வருடத்தில் திரும்பியதும் உண்டு, "யாரோ ஒருவர் போகத்தானே வேண்டும்" என்று சும்மா போனவர்கள் பத்து வருடம் நின்றதும் உண்டு. பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். பிள்ளை பெற்றபின் போவதா, போய்ப் பெறுவதா என்று கேட்டால் என்னிடம் விதி இல்லை, எங்களுக்குப் பிள்ளைகள் கிடைக்கவில்லை. மற்றக் குடும்பங்களில் கண்டது இதுதான்: சின்னப்பிள்ளைகள் மொழியைப் பெற்றோருக்கு முன்னமே பிடித்துவிடுவார்கள், சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதுதான் வீட்டில் சண்டை தொடங்கும்.

மனைவியின் சம்மதத்தைப் பற்றி நான் கேட்பது ஒன்றுதான். அங்கே போய் மூன்றாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் என்ன செய்துகொண்டிருப்பார்? உங்களை விட்டுவிட்டு, அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். "சமைத்துக்கொண்டு இருப்பேன்" என்று மட்டும் வந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு இடம் இருந்ததா என்றும் பாருங்கள். போதகர் முன்னால், மாமியார் முன்னால், ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் கைதட்டியபின் கேட்டால் எந்தப் பெண்ணும் தலையாட்டுவாள். நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

என்ன கொண்டு போவது என்ற கேள்வி மிச்சம். மூக்குக்கண்ணாடி இரண்டு சோடி, பற்களை இங்கேயே பார்த்து முடித்த வாய், வெயிலுக்குப் பருத்தி உடுப்பு. மற்றதெல்லாம் அங்கே சந்தையில் கிடைக்கும். யாழ்ப்பாணத்துத் தூள் இரண்டு கிலோவுக்கு மேல் கட்டாதீர்கள். நான் ஏழு கிலோ கொண்டுபோனேன், ஏழு மாதம் எங்கள் கறியையே சமைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். தூள் முடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், அந்த நாற்றமடிக்கிற, பிரஹோக் என்கிற புளிக்கவைத்த மீனை எப்படிச் சமைப்பது என்று கேட்டேன்.